இடது லேன் யாரு அப்பன் வீட்டுச் சொத்து?

மக்களே, ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. இன்னைக்கும் எழுதற ஐடியா இல்ல. ஆனா மதியம் கேன்டீன்ல ரெண்டு பேர் பேசினதக் கேட்டதுக்கப்புறம் எழுதாம இருக்க முடியல. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

ஜெர்மனிக்கு ஆன்சைட் வர்ற நம்ம பசங்களுக்கு ஒரு சடங்கு உண்டு. வந்து இறங்கின கொஞ்ச நாள்லயே வாடகைக்கு ஒரு பெரிய கார் எடுக்கணும். ஆட்டோபான்ல ஏறணும். முள்ளு 200-ஐத் தாண்டினதும் பக்கத்து சீட்டுல இருக்கறவன் ஸ்பீடோமீட்டர போட்டோ எடுக்கணும். அது ஊருக்குப் போகணும். அம்மா பயப்படணும், மச்சான் பொறாமைப்படணும். சரி, வயசு. அதுல எனக்குப் பிரச்சினை இல்ல. பிரச்சினை, அதுக்கப்புறம் வர்ற தத்துவம்.

இன்னைக்கு கேன்டீன்ல ஒருத்தர் சொன்னார்: "இடது லேன் வேகமா போறவனுக்குத்தான் பாஸ். முன்னாடி ஒருத்தன் உருட்டிக்கிட்டு இருந்தா, பின்னாடி ஒட்டிப் போய் ரெண்டு தடவ லைட் அடிங்க. நகரலயா, இன்னும் ஒட்டுங்க. தானா ஒதுங்குவான். இங்க எல்லாரும் அப்படித்தான்."

எதிர்ல உக்காந்திருந்தவர் விடல: "நான் 130-ல போறேன். அதுவே இங்க சொல்லியிருக்கற வேகம். எவன் வந்தாலும் நான் ஏன் நகரணும்? அவசரம்னா அவன் வேற வழி பாத்துக்கட்டும்."

ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டாங்க. வேடிக்கை என்னன்னா, ரெண்டு பேர் சொன்னதும் ஒரே விஷயம். "இடது லேன் என்னோடது." ஒருத்தர் வேகத்தக் காட்டி சொந்தம் கொண்டாடறார், இன்னொருத்தர் முதல்ல வந்து உக்காந்ததக் காட்டி. சட்டம் ரெண்டு பேருக்குமே பட்டா போட்டுக் குடுக்கல.

முதல்ல அடிப்படை

ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. நாம இடது பக்கம் போறவங்க, வலது பக்கம் முந்தறவங்க. இங்க எல்லாம் தலைகீழ். வலது பக்கம் போகணும், இடது பக்கம் முந்தணும். அதனால இந்தப் பதிவுல "இடது லேன்"னு வந்தா, நம்ம நாலுவழிச் சாலையில மீடியனை ஒட்டி இருக்குமே, அந்த வலது லேனை நினைச்சுக்குங்க.

ஜெர்மனியோட சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதுல ரொம்பத் தெளிவு. 2-வது பிரிவு: முடிஞ்ச அளவு வலது பக்கமா போ. 5-வது பிரிவு: முந்தறதுன்னா இடது பக்கமா முந்து, முந்தப் போற வண்டிய விட கணிசமான அளவு வேகம் கூட இருந்தா மட்டும் முந்து, பின்னாடி வர்றவனுக்கு ஆபத்து இல்லன்னு பாத்துட்டு வெளிய வா, முந்தி முடிச்சா சீக்கிரமா திரும்ப வலது பக்கம் போயிரு. அதே பிரிவுல இன்னொண்ணும் இருக்கு: உன்னை ஒருத்தன் முந்திக்கிட்டு இருக்கறப்ப நீ வேகத்தக் கூட்டாத. மனுஷ மனசு தெரிஞ்ச எவனோ எழுதியிருக்கான் பாருங்க :-)

இந்த மொத்த வரிகள்லயும் "வேகமா போறவனுக்கு ஒரு லேன்"னு எங்கயும் கிடையாது. இடது லேன் முந்தறதுக்காக கொஞ்ச நேரம் கடன் வாங்கற இடம். வேலை முடிஞ்சா திருப்பிக் குடுக்கணும். 100-ல போறவனுக்கும் அதே விதி, 220-ல போறவனுக்கும் அதே விதி. காலியான ரோட்டுல, ராத்திரி ஒரு மணிக்கு, 220-ல போறவனும் வலது லேன்லதான் போகணும்.

ஒரு சலுகை இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஒரு திசைக்கு மூணு லேன் இருக்கற இடத்துல, வலது லேன்ல அங்கொண்ணும் இங்கொண்ணுமா வண்டிங்க ஓடிக்கிட்டோ நின்னுக்கிட்டோ இருந்தா, நடு லேன்லயே தொடர்ந்து போகலாம். ஒவ்வொரு லாரிக்கும் பாம்பு மாதிரி உள்ள வெளிய வளைஞ்சுக்கிட்டு இருக்க வேணாம். 7-வது பிரிவு இதைச் சொல்லுது. ஆனா சலுகை நடு லேனுக்கு மட்டும்தான். இடது ஓர லேனுக்கு இல்ல. கண்ணுக்கெட்டின தூரம் வலது லேன் காலியா கிடக்கறப்ப நடு லேன்ல குடித்தனம் நடத்தறவனுக்கும் இல்ல.

குற்றவாளி நம்பர் 1: குத்த வச்சு உக்காந்தவர்

"நான் 130-ல போறேன், ஏன் நகரணும்?"

ஏன்னா, உங்க வேகம் என்னன்னு சட்டம் கேக்கவே இல்ல. உங்களுக்கு வலது பக்கம் இடம் இருக்கான்னு மட்டும்தான் கேக்குது. இருந்தா போங்க. அவ்வளவுதான்.

130-ங்கறது வேகக் கட்டுப்பாடு கூட கிடையாது. பலகை வச்சு கட்டுப்படுத்தாத இடங்கள்ல அது வெறும் பரிந்துரை. ஆனா ஒரு பேச்சுக்கு, பலகையே 130-னு சொல்லுது, பின்னாடி வர்றவன் 150-ல வர்றான்னு வச்சுக்குவோம். அப்பவும் நகரணும். அவன் வேகத்தப் பாத்துக்க போலீஸ் இருக்கு, கேமரா இருக்கு. உங்களுக்கு யாரும் யூனிஃபார்ம் தைச்சுக் குடுக்கல. "நான் அவனுக்குப் பாடம் கத்துக் குடுக்கறேன்"னு 130 கி.மீ. வேகத்துல வாத்தியார் வேலை பாக்கறது, அந்தப் பாடத்த பின் சீட்டுல இருக்கற உங்க குழந்தைய வச்சு நடத்தறதுக்குச் சமம்.

இதுல நஷ்டம் பின்னாடி வர்ற ஒருத்தனுக்கு மட்டும் இல்ல. மூணு லேன் ரோட்டுல ஒருத்தர் இடது லேன்ல உக்காந்துட்டா, பின்னாடி வரிசை சேரும். வரிசையில அஞ்சாவது ஆள் எரிச்சல்ல வலது பக்கமா தாவுவான். அவன் தாவறதப் பாத்து நடு லேன்காரன் பிரேக் போடுவான். அவனுக்குப் பின்னாடி இருக்கறவன் இன்னும் பலமா போடுவான். ரெண்டு கி.மீ. பின்னாடி, காரணமே தெரியாம ஒரு ட்ராஃபிக் ஜாம் பிறக்கும். நம்ம ஆளு இது எதுவும் தெரியாம க்ரூஸ் கன்ட்ரோல் போட்டுக்கிட்டு நிம்மதியா போய்க்கிட்டே இருப்பார். கண்ணாடின்னு ஒண்ணு வச்சிருக்காங்களே, அது தலை சீவறதுக்கு இல்ல சாமி.

வலது பக்கம் போகற விதிய மீறி அடுத்தவனுக்கு இடைஞ்சல் பண்ணினா, ஆட்டோபான்ல 80 யூரோ அபராதம், ஒரு புள்ளி. நம்ம பசங்க நிறைய பேருக்கு இப்படி ஒரு குற்றம் இருக்கறதே தெரியாது. ஸ்பீடிங் மட்டும்தான் குற்றம்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

குற்றவாளி நம்பர் 2: யானைப் பந்தயம்

ஒரு லாரி இன்னொரு லாரிய முந்தறதுக்கு இங்க வச்சிருக்கற பேரு "யானைப் பந்தயம்". பேரு பொருத்தம். லாரிங்களுக்கு ஆட்டோபான்ல வேக வரம்பு 80. வண்டியிலயே 90 கிட்ட பூட்டு போட்டிருக்கும். ரெண்டு யானை, வித்தியாசம் மணிக்கு மூணு நாலு கி.மீ. ரெண்டு லேன் ரோட்டுல பக்கத்துல பக்கத்துல ஓடினா, பின்னாடி ஊரே அணிவகுத்து நிக்கும்.

2008-ல ஹாம் நகர உயர் மண்டல நீதிமன்றம் இதுக்கு ஒரு கணக்கு போட்டுக் குடுத்தது. முந்தறது 45 வினாடிக்கு மேல நீளக்கூடாது, 80-ல போற வண்டிய முந்தணும்னா வித்தியாசம் 10 கி.மீ.யாவது இருக்கணும். கணக்கு போட்டுப் பாருங்க: மணிக்கு 10 கி.மீ.ன்னா வினாடிக்கு சுமார் 2.8 மீட்டர். 45 வினாடியில 125 மீட்டர். முன்னாடி பின்னாடி இடைவெளி, ரெண்டு லாரியோட நீளம் எல்லாம் சேத்தா கிட்டத்தட்ட அவ்வளவுதான் வேணும். ஆனா அந்த 45 வினாடியில முந்தற லாரி ரோட்டுல ஒரு கி.மீ.க்கு மேல ஓடியிருக்கும். வித்தியாசம் 3 கி.மீ.ன்னா, அதே 125 மீட்டருக்கு ரெண்டரை நிமிஷம். நாலு கி.மீ. ரோடு அடைச்சுக்கும். "கணிசமான வேக வித்தியாசம்"னு சட்டத்துல ஏன் எழுதியிருக்குன்னு இப்பப் புரியுதா?

லாரிக்காரர் பக்கம் ஒரு நியாயம் இருக்கு, அத மறைக்கக் கூடாது. நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் ஓய்வு கட்டாயம். ஒரு நாளைக்கு சாதாரணமா ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம். ஒவ்வொரு நிமிஷமும் கருவியில பதிவாகுது. முன்னாடி 84-ல ஒருத்தன் போனா, நாள் முழுக்க அவன் பின்னாடியே போறதுல அவருக்கு 40, 50 கி.மீ. போயிடும். அது அவர் வயித்துப் பொழப்பு. காலி வண்டியில, ஏசி போட்டுக்கிட்டு, வார இறுதிக்கு ஊர் சுத்தப் போற நாம அவர் மேல பல்லக் கடிக்கறதுக்கு முன்னாடி இத யோசிக்கணும். இதுக்கும் சட்டத்துலயே பதில் இருக்கு: முந்தப்படறவன் கொஞ்சம் ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா, ரெண்டரை நிமிஷம் முக்கால் நிமிஷமாகும். பந்தயத்துக்கு ரெண்டு யானை வேணும். ஒண்ணு விட்டுக் குடுத்தா பந்தயமே இல்ல.

குற்றவாளி நம்பர் 3: வலது பக்கமா முந்தறவர்

"முன்னாடி இருக்கறவன் நகர மாட்டேங்கறான், வலது பக்கம் காலியா இருக்கு, புகுந்து போனா என்ன?"

100 யூரோ, ஒரு புள்ளி. அதான் என்ன.

"அமெரிக்காவுல எல்லாம் போறாங்களே"ன்னு அங்க இருந்து ஒரு பின்னூட்டம் வரும், தெரியும். அங்க பல மாநிலங்கள்ல ஒரே திசையில பல லேன் இருந்தா வலது பக்கமா முந்தறத அனுமதிக்கறாங்க. அங்க எல்லா லேன்லயும் வேகம் ஏறக்குறைய ஒண்ணு. இங்க அப்படியா? ஒரு லேன்ல 80, பக்கத்து லேன்ல 200. இவ்வளவு வித்தியாசத்துல ரோடு ஓடணும்னா, ஒரு வாக்குறுதி வேணும்: என்னை விட வேகமா வர்றவன் இடது பக்கத்துல இருந்து மட்டும்தான் வருவான். முந்தி முடிச்சு வலது பக்கம் ஒதுங்கறவர் அந்த வாக்குறுதிய நம்பித்தான் ஸ்டியரிங்க திருப்பறார். நீங்க அந்த நேரம் பாத்து வலது பக்கத்துல இருந்து முளைச்சா, விதிப்படி நடந்தவர் உங்க மேல வந்து விழுவார்.

இதுக்கும் விதிவிலக்கு உண்டு. நெரிசல்ல இடது லேன் வரிசை நின்னு போயிருந்தாலோ, ஊர்ந்துக்கிட்டு இருந்தாலோ, வலது லேன்காரர் கொஞ்சம் கூடுதல் வேகத்துல, ஜாக்கிரதையா தாண்டலாம். நீதிமன்றங்கள் வச்ச அளவு: இடது வரிசை 60-க்கு மேல போகக் கூடாது, நீங்க அதை விட 20-க்கு மேல கூட போகக் கூடாது. அதாவது அதிகபட்சம் 80. ஒரே ஒரு பிடிவாதக்காரர் 120-ல இடது லேன்ல போறது "நெரிசல்" இல்ல. உங்க கோபத்த எல்லாம் சட்டம் ட்ராஃபிக் ஜாம் கணக்குல சேக்காது.

குற்றவாளி நம்பர் 4: ஒட்டுறவர்

இப்ப வர்றேன், இந்தப் பதிவ எழுத வச்ச ஆளுகிட்ட.

முதல்ல ஒரு ஆச்சரியம். லைட் அடிக்கறது இங்க சட்டப்படி சரி. ஊருக்கு வெளிய, "நான் முந்தப் போறேன்"னு தெரிவிக்க ஹாரனோ ஹெட்லைட்டோ சுருக்கமா பயன்படுத்தலாம். 5-வது பிரிவே சொல்லுது. தூரத்துல இருந்து ஒரு தடவ மினுக்கறது "அண்ணே, நான் வர்றேன், பாத்துக்குங்க". அதுல தப்பில்ல. நம்ம ஊர் லாரிக்குப் பின்னாடி ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதியிருக்குமே, கிட்டத்தட்ட அந்த மரியாதைதான்.

ஆனா பத்து மீட்டர்ல ஒட்டிக்கிட்டு, லைட்ட விடாம அடிச்சுக்கிட்டு, இடது இண்டிகேட்டரையும் போட்டு வச்சுக்கிட்டு வர்றது வேற. அதுக்குப் பேரு மிரட்டல். அது நீடிச்சா குற்றவியல் சட்டத்துல வற்புறுத்தல்ங்கற குற்றம், 240-வது பிரிவு. அபராதத்துலயும் முடியலாம், மூணு வருஷம் வரைக்கும் சிறையும் கிடைக்கலாம். போக்குவரத்து விதிமீறல்ங்கற வகையில இருந்தே வெளிய போயிடுது.

இன்ஜினியரிங் படிச்சவங்கதானே நாம எல்லாம், வாங்க கணக்கு போடுவோம். இங்க சொல்லிக் குடுக்கற எளிய விதி: ஸ்பீடோமீட்டர்ல என்ன காட்டுதோ அதுல பாதி, மீட்டர்ல. 160-ல போனா 80 மீட்டர் இடைவெளி. 160-ங்கறது வினாடிக்கு 44 மீட்டர். நம்ம ஆளு எட்டு மீட்டர்ல ஒட்டறார். அந்த எட்டு மீட்டரக் கடக்க 0.18 வினாடி. முன்னாடி பிரேக் லைட் எரிஞ்சு, கண்ணு பாத்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வினாடி. எவ்வளவு பெரிய டிரைவரா இருந்தாலும், எவ்வளவு விலை குடுத்து கார் வாங்கியிருந்தாலும், இந்தக் கழித்தல் கணக்கு அவருக்காக மாறாது. "எனக்கு ரிஃப்ளெக்ஸ் நல்லா இருக்கு"ன்னு சொல்றவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு: உங்க ரிஃப்ளெக்ஸ முன்னாடி போறவங்க கேக்கல, இடைவெளியத்தான் கேக்கறாங்க.

சட்டமும் அதே கணக்கத்தான் போடுது. 130-க்கு மேல போறப்ப, இருக்க வேண்டிய அந்தப் பாதி-ஸ்பீடோமீட்டர் இடைவெளியில பத்துல ஒரு பங்குக்கும் கீழ போனா, 400 யூரோ, ரெண்டு புள்ளி, மூணு மாசம் லைசென்ஸ் கிடையாது. பாலத்து மேல இருந்து வீடியோ எடுத்து அளக்கறாங்க. நீங்க முன்னாடி போறவனோட பம்பரையே மொறைச்சுக்கிட்டு போறதால, மேல பாக்க உங்களுக்கு நேரம் இருக்காது.

சரி, காச விடுங்க. 2003 ஜூலை. கார்ல்ஸ்ரூ பக்கத்துல, ஏ5 ஆட்டோபான். ஒரு சின்ன கார்ல 21 வயசு அம்மா ஒருத்தி, அவளோட 2 வயசுப் பொண்ணு. இடது லேன்ல முந்திக்கிட்டு இருந்தா. பின்னாடி பயங்கர வேகத்துல ஒரு பெரிய கார் நெருங்கி வந்தது. அவ பதறிப் போய் வலது பக்கம் திருப்பினா. கார் கட்டுப்பாட்ட இழந்தது, ரோட்ட விட்டு விலகி மரத்துல மோதிச்சு. ரெண்டு பேரும் செத்துப் போனாங்க.

ரெண்டு காரும் ஒண்ணையொண்ணு தொடவே இல்ல. பெரிய கார் நிக்காம போயிடுச்சு.

ஓட்டினவர் ஒரு கார் கம்பெனியோட டெஸ்ட் டிரைவர். அதாவது, ரிஃப்ளெக்ஸ் நல்லா இருக்கற ஆள். கடைசி வரைக்கும் அது தான் இல்லன்னு மறுத்தார். 2004-ல முதல்ல ஒன்றரை வருஷம் சிறைன்னு தீர்ப்பு. மேல்முறையீட்டுல ஒரு வருஷம், அதுவும் நிறுத்தி வைக்கப்பட்டது. நாடு முழுக்க கொந்தளிச்ச வழக்கு. தண்டனை போதுமா போதாதாங்கற விவாதத்துக்குள்ள நான் போகல. நீதிமன்றம் ஏத்துக்கிட்ட அடிப்படை உண்மைதான் எனக்கு முக்கியம்: தொடாமலே கொல்ல முடியும். உங்க பம்பர் அடுத்தவன் பம்பர்ல படலங்கறதால நீங்க நிரபராதி ஆயிட மாட்டீங்க.

"தானா ஒதுங்குவான்"னு கேன்டீன்ல சொன்னாரே. அவளும் ஒதுங்கினா. எப்படி ஒதுங்கினாங்கறத யோசிச்சுப் பாருங்க. நீங்க ஒட்டறது புதுசா லைசென்ஸ் எடுத்த பொண்ணா இருக்கலாம், பின் சீட்டுல அழற குழந்தைய சமாளிச்சுக்கிட்டு இருக்கற அப்பாவா இருக்கலாம், எழுபது வயசுப் பாட்டியா இருக்கலாம். பயந்தவங்க எல்லாரும் அழகா இண்டிகேட்டர் போட்டு, தோளுக்குப் பின்னாடி திரும்பிப் பாத்து ஒதுங்க மாட்டாங்க. பயந்தவங்க பயந்த மாதிரிதான் திருப்புவாங்க.

"ஆனா அவன்தானே முதல்ல விதிய மீறினான்?"

இதுதான் மொத்தப் பிரச்சினையோட வேர். ஒட்டறவர்கிட்ட பேசினா முதல்ல வர்ற வாதம் இதுதான். "அவன் இடது லேன்ல உக்காந்திருக்கான். அது சட்டப்படி தப்பு. நான் அவன ஒதுங்க வைக்கறேன்."

முதல் பாதி நூத்துக்கு நூறு சரி. அவன் பண்றது தப்பு, மேல நானே கிழிச்சிருக்கேன். ரெண்டாவது பாதி எங்க இருந்து வந்தது? ஒதுங்கறது அவன் கடமை. ஒதுங்க வைக்கறது உங்க அதிகாரம்னு எந்தப் பிரிவுலயும் எழுதல. வாடகை பாக்கி வச்சவன் தப்பு பண்ணவன்தான். அதுக்காக வீட்டுக்காரர் நடுராத்திரி கதவ உடைச்சுக்கிட்டு உள்ள போக முடியுமா?

அதுவும் இல்லாம, ரெண்டு தப்பும் ஒரே எடை இல்ல. "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு"ன்னு நாட்டாமை தீர்ப்பு சொல்லிட்டுப் போறதுல எனக்கு உடன்பாடு இல்ல. உக்காந்தவர் உங்க நேரத்த எடுக்கறார். மிஞ்சிப் போனா நாலு நிமிஷம். ஒட்டறவர் உயிர எடுக்கறார். எரிச்சலுக்கும் ஆபத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் கையில ஸ்டியரிங் இருக்கக் கூடாது.

"அப்ப வேகமே போகக் கூடாதா?"

போங்க. யார் வேணாம்னா? ஆட்டோபான்ல சுமார் 70 சதவீதம் நீளத்துக்கு நிரந்தர வேக வரம்பு கிடையாது. 2021-ல ஒரு செக் நாட்டுப் பணக்காரர் ஏ2-ல 417 கி.மீ. வேகத்துல ஓட்டி வீடியோ போட்டார். 2022-ல அரசு வழக்கறிஞர்கள் விசாரிச்சுட்டு, குற்றம் இல்லன்னு மூடிட்டாங்க. அவ்வளவு இடம் குடுக்கற நாடு இது.

ஆனா "வரம்பு இல்ல"ங்கறது "பொறுப்பு இல்ல"ன்னு அர்த்தம் இல்ல. 1992-லயே இங்க உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு: 130-க்கு மேல போய் விபத்துல மாட்டினா, உங்க மேல வேற தப்பே இல்லன்னாலும் நஷ்டத்துல ஒரு பங்கு உங்க தலையில விழலாம். 130-ல போயிருந்தாலும் இதே விபத்து இதே மாதிரி நடந்திருக்கும்னு நிரூபிக்க வேண்டியது நீங்க.

ஏன்னு பௌதீகம் சொல்லும். பிரேக் தூரம் வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 130-ல வந்த கார் பிரேக் போட்டு முழுசா நின்ன அதே இடத்துல, அதே மாதிரி பிரேக் போட்ட 200 கார் இன்னும் 150-ல போய்க்கிட்டு இருக்கும். நம்பலன்னா நீங்களே போட்டுப் பாருங்க: 200-ஓட வர்க்கத்துல இருந்து 130-ஓட வர்க்கத்தக் கழிங்க, வர்க்கமூலம் எடுங்க. 152 வரும்.

இன்னொரு கணக்கு, இது மெதுவா போறவங்களுக்கு. நீங்க 100-ல போறீங்க, லாரிய முந்த இடது பக்கம் வரணும். கண்ணாடியில 250 மீட்டர் தூரத்துல ஒரு புள்ளி. அது 220-ல வர்ற கார்னா, உங்களத் தொட அதுக்கு ஏழரை வினாடிதான். புள்ளிதானேன்னு வெளிய வராதீங்க. ரெண்டு தடவ பாருங்க. ரெண்டு பார்வைக்கு நடுவுல புள்ளி எவ்வளவு பெருசாச்சுங்கறதுதான் அதோட வேகம்.

வேகக் கட்டுப்பாடு இல்லாத ரோடு ஒரு சீட்டு கம்பெனி மாதிரி. எல்லாரும் ஒழுங்கா கட்டற வரைக்கும்தான் ஓடும். வலது பக்கம் திரும்பிப் போறது, கண்ணாடி பாக்கறது, இடைவெளி விடறது, இதெல்லாம் நாம மாசாமாசம் கட்டற தவணை. கட்டாம 200 மட்டும் வேணும்னு கேக்கறவன் மத்தவன் காசத் திங்கறவன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்

1. வலது பக்கம் இடம் இருந்தா அங்க போங்க. பின்னாடி யாரும் வரலன்னாலும் போங்க.

2. முந்தணும்னு முடிவு பண்ணினா சுறுசுறுப்பா முந்துங்க. பக்கத்துல ஓடிக்கிட்டே நலம் விசாரிக்காதீங்க.

3. உங்கள ஒருத்தர் முந்தறப்ப ஆக்சிலரேட்டர மிதிக்காதீங்க. மானம் அதுல இல்ல.

4. முன்னாடி ஒருத்தர் உக்காந்திருந்தா, பாதி-ஸ்பீடோமீட்டர் தூரத்துலயே இருங்க. தூரத்துல இருந்து ஒரு தடவ மினுக்குங்க. நகரலன்னா பாட்டு கேட்டுக்கிட்டே பின்னாடி போங்க.

5. பின்னாடி ஒருத்தர் ஒட்டினா, பிரேக்கத் தொட்டு பயங்காட்டாதீங்க. அதுவும் குற்றம்தான். பதறாதீங்க. முந்தறத முடிச்சுட்டு, வலது பக்கம் நிஜமா இடம் கிடைக்கறப்ப நிதானமா ஒதுங்குங்க. முந்திக்கிட்டு இருக்கறப்ப நடுவுல ஒதுங்கணும்னு உங்களுக்குக் கடமை கிடையாது.

அஞ்சாவதத்தான் புதுசா வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும், குறிப்பா தனியா ஓட்ட ஆரம்பிச்சிருக்கற நம்ம வீட்டுப் பொண்ணுங்ககிட்ட சொல்லுங்க. பின்னாடி எவன் லைட் அடிச்சாலும், அவனோட அவசரம் உங்க பிரச்சினை இல்ல. உங்க பிரச்சினை, பத்திரமா லேன் மாறறது மட்டும்தான்.

பி.கு: "ஸ்பீடோமீட்டர் போட்டோ எடுத்தாத்தான் என்ன, நீ ரொம்ப அறிவுரை சொல்றே"ன்னு அனானியா வந்து கும்மி அடிக்கப் போறவங்களுக்கு: தாராளமா அடிங்க. அடுத்த தடவ முடிஞ்சா அந்தப் போட்டோவுல உங்க கண்ணாடி வழியா முன்னாடி இருக்கற காரும் விழற மாதிரி எடுங்க. அது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு மட்டும் பாத்துட்டு, அப்புறம் ஊருக்கு அனுப்பலாமா வேணாமான்னு முடிவு பண்ணுங்க.